பாதைக்குப் பெயர் வைப்பது யார்?

எமது அங்கத்தவர் ஒருவர் சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு திருகோணமலைக்குப் போனார். 1983 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டுப் போய் அங்கே குடியேறிய அண்ணன் வீட்டுக்கு. ஹட்டனில் ஏறி, கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று பஸ் மாறிப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. "உவர்மலைக்கு வந்துட்டு போன் பண்ணு" என்று அண்ணன் சொல்லியிருந்தார். மகன் கைத்தொலைபேசி வரைபடத்தில் உவர்மலையைத் தேடினான். கிடைக்கவில்லை. ஓர்ஸ் ஹில் என்று ஓர் இடம்தான் காட்டியது. இரண்டும் ஒரே இடம் என்பதை பஸ் நிலையத்தில் நின்ற ஓட்டோக்காரத் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள்.

தோட்டத்துத் திருவிழாவுக்கு அந்த அண்ணன் குடும்பம் இங்கே வந்தது. பிரதான வீதியில் தோட்டத்துச் சந்தி வரைக்கும் கைத்தொலைபேசி ஒழுங்காக வழி காட்டியது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வெறும் பச்சை நிறம். கொழுந்து லொறி ஓடும் ரோட்டு இல்லை, இஸ்டோர் இல்லை, மேட்டு லயம் இல்லை, பணிய லயம் இல்லை. எமது பாட்டனும் பூட்டனும் நடந்த பாதை, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பாடசாலைக்குப் போய் வந்த பாதை, அந்த வரைபடத்தில் கிடையாது.

இது உறவினர்கள் சொல்லிச் சிரிக்கும் கதை. ஆனால் நடுச்சாமத்தில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி வந்து, 1990 அம்பியூலன்சுக்குச் சொல்லிவிட்டு வாசலில் நிற்கிறவர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வண்டி ஓட்டி வருபவர் ஊருக்குப் புதியவராக இருந்தால், அவர் கையில் இருப்பதும் இதே வரைபடம்தான். ஆகவே இம்முறை தலையங்கத்தில் சம்பளத்தையும் கொழுந்து நிறுவையையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்து, வரைபடத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

வரைபடம் என்றால் நில அளவைத் திணைக்களத்தின் வேலை, எமக்கு அதில் என்ன என்று சிலர் கேட்பார்கள். இன்று கைத்தொலைபேசியில் வருகின்ற வரைபடங்கள் எல்லாம் அப்படி வந்தவை அல்ல. 2004 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற ஒரு வரைபடத்தைத் தொடங்கினார். அதைக் கம்பனி வரைவதில்லை. உலகம் முழுவதும் உள்ள சாதாரண ஆட்கள் தமக்குத் தெரிந்த வீதியையும் பாலத்தையும் பாடசாலையையும் அதில் பதிகிறார்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவில் நிற்கும். பிழை என்றால் இன்னொருவர் திருத்தலாம். வழிகாட்டும் செயலிகள் பல இந்த வரைபடத்தை எடுத்தே ஓடுகின்றன. 2010 ஜனவரியில் ஹெயிட்டி நாட்டில் பூமி அதிர்ந்தபோது, தலைநகரத்தின் வீதிகளை வெளிநாடுகளில் இருந்த தொண்டர்கள் சில நாட்களுக்குள் இதில் வரைந்து கொடுத்தார்கள். மீட்புப் பணிக்குப் போனவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். எமது நாட்டிலும், வெள்ளம் அடிக்கடி வரும் மட்டக்களப்பு மன்முனை வடக்குப் பிரிவில் வீடுகளும் வீதிகளும் இதே முறையில் பதியப்பட்டன.

நல்ல காரியம்தான். ஆனால் தூரத்தில் இருந்து வானத்துப் படத்தைப் பார்த்து வரைகிறவருக்குக் கோடு தெரியும். அந்தக் கோட்டில் யார் நடக்கிறார்கள் என்பது தெரியாது. எமது சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வீதிகளுக்குத் தரம் உண்டு என்பது எல்லோரும் அறிந்ததே. ஏ தரம், பி தரம் வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. நாடு முழுவதும் சுமார் 12,000 கிலோமீற்றர். சி, டி தரங்கள் மாகாண சபைக்கு. அதற்குக் கீழே உள்ளவை நகர சபைக்கும் பிரதேச சபைக்கும். திருகோணமலைக்கு மூன்று ஏ தர வீதிகள் வந்து சேர்கின்றன. அம்பேபுஸ்ஸவில் இருந்து குருநாகல், தம்புள்ளை, கந்தளாய் வழியாக ஏ6. புத்தளத்தில் இருந்து அநுராதபுரம் வழியாக ஏ12. மட்டக்களப்பில் இருந்து கரையோரமாக ஏ15. துறைமுகத்துக்குப் போகும் வீதி என்பதால் அவற்றுக்கு இலக்கமும் உண்டு, பெயரும் உண்டு, பராமரிக்கப் பணமும் உண்டு. தோட்டத்துப் பாதைக்கு இந்தத் தரங்களில் எதிலும் இடம் கிடைக்கவில்லை. அது கொழுந்தை இஸ்டோருக்குக் கொண்டுபோக வெட்டிய பாதை. லொறி போகும் அகலத்துக்கு ஒன்று, துரையின் பங்களாவுக்கு ஒன்று. லயத்துக்குப் போவது எப்போதும் கடைசிதான்.

வரைபடத்திலும் இதுபோல ஒரு படிவரிசை வைத்திருக்கிறார்கள். மேலே அதிவேக வீதி. அதன் கீழ் நெடுஞ்சாலை, முதலாம், இரண்டாம், மூன்றாம் தர வீதிகள். அதன் கீழ் ஊரை ஊரோடு இணைக்கும் சிறு வீதி, வீடுகளுக்கு நடுவே போகும் குடியிருப்பு வீதி. அதற்கும் கீழே தோட்டத்துக்கும் காட்டுக்கும் போகும் வண்டித்தடம். கடைசியில் ஒற்றையடிப் பாதை. இந்தப் படிகளைக் கைத்தொலைபேசி சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு வேகத்தை வைத்துக் கணக்குப் பார்த்துத்தான் வழி சொல்கிறது. வண்டித்தடம் என்று எழுதியிருந்தால் கூடுமானவரை அதைத் தவிர்த்து வேறு வழி தேடும். 'தனியாருக்கு மட்டும்' என்று எழுதியிருந்தால் கதவு பூட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் எமது மலையை வானத்துப் படத்தில் பார்க்கிறார். தேயிலைக்கு நடுவே தார் இல்லாத ஒரு பாதை. விவசாயப் பாதை என்று நினைத்து வண்டித்தடம் என்று குறிக்கிறார். இன்னொருவர் அது கம்பனித் தோட்டம் என்று அறிந்து, தனியார் பாதை என்று சேர்க்கிறார். இருவரும் கெட்டவர்கள் அல்ல. ஆனால் அந்த இரண்டு சொல்லும் சேர்ந்து, நூறு குடும்பம் வாழும் லயங்களுக்குப் போகும் ஒரே வழியை அடைத்துவிடுகின்றன.

வரைபடத்தின் சொந்த விதியே இதற்கு மாறானது. வீதியின் தரத்தை முடிவு செய்வது தார் அல்ல, அந்த வீதி செய்யும் வேலை. குன்றும் குழியுமாக இருந்தாலும், ஆட்கள் குடியிருக்கும் இடத்துக்குப் போகிறது என்றால் அது குடியிருப்பு வீதி. இரண்டு டிவிசனை இணைக்கிறது என்றால் சிறு வீதி. கல் ரோட்டா, மண் ரோட்டா, கொங்கிறீட்டா என்பதை வேறாகக் குறிக்க இடம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஜீப் மட்டும்தான் போகும் என்றாலும் அதையும் குறிக்கலாம்.

'தனியார்' என்ற சொல்லுக்கும் பதில் உண்டு. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992 இல் நிர்வாகத்தைக் கம்பனிகள் எடுத்தன; பின்பு நீண்டகாலக் குத்தகை. பெரும்பாலான தோட்டங்களில் காணி இன்றும் அரசின் காணியே. அதில் வாழும் குடும்பத்துக்கும், அங்கே வரும் விருந்தாளிக்கும், தபால்காரருக்கும், மருத்துவிச்சிக்கும் திறந்திருக்கும் வழியைத் தனியார் வழி என்று எழுதுவது நடைமுறைக்கே பொருந்தாது. சங்கிலி போட்டுக் காவல்காரர் நிற்கும் இடம் இருந்தால் அந்தச் சங்கிலியை அந்த இடத்தில் குறியுங்கள். அதுவும் உண்மைதான். ஆனால் ஒரு சங்கிலிக்காக முழுப் பாதையையும் பூட்டி வைக்க வேண்டாம்.

உள்ளதை உள்ளபடி எழுதுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு மறுபடியும் திருகோணமலைக்கு வருவோம். மலையகத்தில் பாதை என்றால் நடக்கும் வழி. கிழக்கில் அதே சொல் ஆற்றையும் களப்பையும் கடக்கும் மிதவைக்கும் பெயர். 'பாதையில் ஏறிப் போனோம்' என்று அங்கே ஒருவர் சொன்னால் தண்ணீருக்கு மேலே போனார் என்று அர்த்தம். நெடுங்காலம் திருகோணமலையில் இருந்து கிண்ணியாவுக்கு அப்படித்தான் போனார்கள். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதே கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியில் பழைய பாலம் அடைக்கப்பட்டுப் புதிய பாலம் கட்டும் வேலை நடந்தபோது, மக்கள் இழுவைப் படகில் கடந்தார்கள். 2021 நவம்பர் 23 ஆம் திகதி காலையில் அந்தப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகளும் அதில் பலியானார்கள்.

வரைபடம் சரியாக இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது பாலமும் பாதுகாப்பான படகும்தான். ஆனால் பாலம் அடைபட்ட இடத்தில் வீதி தொடர்வதாகக் கோடு இருந்தால், அது ஊரின் கஷ்டத்தையே மறைக்கும் கோடு. 'பாலம் கட்டப்படுகிறது, மக்கள் படகில் கடக்கிறார்கள்' என்று எழுதியிருந்தால் பார்ப்பவர் எல்லோருக்கும் ஊரின் நிலைமை தெரியும். எமது தோட்டங்களிலும் மண்சரிவில் போன பாதை, பலகை உக்கிய தொங்கு பாலம், மழைக்காலத்தில் தண்ணீர் மூடும் போக்கு எத்தனை? 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. எந்த லயம் எங்கே இருந்தது, எத்தனை வீடு, எந்த வழியால் போவது என்பதை வெளியில் இருந்து வந்தவர்கள் அன்று ஆட்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது.

அடுத்தது பெயர். திருகோணமலையில் பெயர் என்பது இலேசான விடயம் அல்ல. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் மாவட்டம் அது. முதலிக்குளம் என்று ஒருவர் சொல்லும் இடத்தை மொறவெவ என்று இன்னொருவர் சொல்கிறார். குமரேசன்கடவை என்பதும் கோமரங்கடவல என்பதும் ஒரே இடம்தான். சீனக்குடாவை ஆங்கிலத்தில் சைனா பே என்கிறார்கள். துறைமுக நகரத்தில் டொக்யாட் வீதி, உட்துறைமுக வீதி என்று வெள்ளைக்காரன் காலத்துப் பெயர்களும் இருக்கின்றன. ஏகாம்பரம் வீதி, இராஜவரோதயம் வீதி என்று ஊர் மனிதர்களின் பெயர்களும் இருக்கின்றன. எல்லோரும் திருத்தக்கூடிய வரைபடத்தில் ஒருவர் எழுதிய பெயரை மற்றவர் இரவோடிரவாக அழித்துவிடலாம். பல நாடுகளில் அப்படி நடந்திருக்கிறது.

எமது சங்கத்தின் நிலைப்பாட்டை இதில் வெளிப்படையாகச் சொல்கிறோம். எவருடைய பெயரையும் அழிக்கக் கூடாது; எமது பெயரை எழுதாமல் விடவும் கூடாது. அந்த வரைபடத்தில் ஓர் இடத்துக்குத் தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், ஆங்கிலப் பெயர் என்று மூன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. பழைய பெயருக்கும், ஊர் வழக்கில் உள்ள மறு பெயருக்கும் கூட இடம் உண்டு. சிங்களமும் தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிகள் என்று அரசியலமைப்பே சொல்கிறது. பெயர்ப் பலகையில் தமிழ் விடுபட்டால் அல்லது பிழையாக எழுதப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம். பலகையில் கேட்பதை வரைபடத்திலும் செய்வோம்.

தமிழில் எழுதும்போதும் ஒரு கவனம் தேவை. அது அந்த ஊரின் தமிழாக இருக்க வேண்டும். எமது நாட்டில் பலகையில் இருப்பது வீதி, மாவத்தை, ஒழுங்கை, குறுக்கு வீதி. இயந்திரத்தை வைத்து மொழிபெயர்த்தால் வீதி எல்லாம் சாலையாகிவிடும். சாலையும் நல்ல தமிழ்தான். ஆனால் டொக்யாட் சாலை என்று திருகோணமலையில் யாரிடமும் வழி கேட்க முடியாது. உவர்மலை என்று இருப்பதை விட்டுவிட்டு ஓர்ஸ் ஹில் என்பதையே தமிழ் எழுத்தில் எழுதி வைத்தால் அது தமிழ்ப் பெயர் ஆகிவிடாது.

இனி எமது தோட்டங்களுக்கு வருவோம். ஒரே தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் ஒரு பெயர் வைத்தான். கங்காணிமாரோடு வந்த எமது முன்னோர் இன்னொரு பெயர் வைத்தார்கள். கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் முதலாவது பெயர் இருக்கிறது. இரண்டாவது பெயர் வயதானவர்களின் வாயில் மட்டும் இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் போய்விடும். லயத்துக்கும் அப்படியே. மேட்டு லயம், பத்துக் காம்பரா, பெரட்டுக்களத்து லயம் என்று நாம் சொல்லும் பெயர்கள் எந்தக் காகிதத்திலும் கிடையாது. அதனால்தான் கடிதத்தில் ஆளின் பெயரும் தோட்டத்தின் பெயரும் மட்டும் எழுதுகிறோம். அது தோட்டத்து ஒபிசுக்குப் போகிறது. அங்கே ஒரு மூலையில் கிடக்கிறது. நேர்முகப் பரீட்சைத் திகதி முடிந்த பிறகு கடிதம் கைக்கு வந்த பிள்ளைகள் எமது அங்கத்தவர் வீடுகளிலேயே இருக்கிறார்கள். வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் உள்ள முகவரி ஒரு மனிதனுக்கு ஆடம்பரம் அல்ல. ஏழு பேர்ச்சஸ் காணியில் புதிய வீடுகள் கட்டிய கிராமங்களில் கூட பல வீதிகளுக்கு இன்னும் பெயர் இல்லை.

ஆனால் வீதிக்குச் சட்டப்படி பெயர் வைப்பது வரைபடத்தின் வேலை அல்ல. நாமே ஒரு பெயரை நினைத்து எழுதி வைத்தால் அது பொய்யாகிவிடும். ஊரார் கூடிப் பெயரைத் தீர்மானித்து, பிரதேச சபையில் ஏற்கச் செய்து, பலகையும் நாட்டினால்தான் அது உறுதியான பெயர். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று பல வருடங்களாகச் சொன்னார்கள். 2018 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே 'அது தோட்டத்துப் பாதை, எங்களுக்கு உரியது அல்ல' என்ற பழைய பதிலை இனி நாம் ஏற்கத் தேவையில்லை. வரைபடத்தில் கோடு விழுந்துவிட்டது என்று திருப்திப்பட்டு இந்தக் கோரிக்கையைக் கைவிட்டால் அது எமது தவறு. கோடு குழியை மூடாது. ஆனால் எத்தனை கிலோமீற்றர் பாதை, எத்தனை லயம், எத்தனை இடத்தில் உடைவு என்று வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரதேச சபைக்குப் போனால், 'அப்படி ஒரு பாதையே இல்லையே' என்று யாரும் எம்மைத் திருப்பி அனுப்ப முடியாது.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிடமும் நாம் கேட்பது இதுதான்.

முதலாவது, அடுத்த கூட்டத்தில் தலைவரும் தலைவியும் வயதானவர்களை உட்கார வைத்து, டிவிசன், லயம், பாதை, பாலம், பீலி என்று ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். சிங்களத்தில் அயலூரார் எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இரண்டாவது, கைத்தொலைபேசி தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேரைச் சேருங்கள். வீதியில் நடந்துகொண்டே 'இதன் பெயர் என்ன, இது மண்ணா தாரா' என்று கேள்வி கேட்டுப் பதிலைப் பதியும் ஸ்ட்ரீட்கொம்ப்ளீட் போன்ற செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தால் போதும்.

மூன்றாவது, நேர்மை. மண் ரோட்டைத் தார் ரோட்டு என்று எழுதாதீர்கள். எமது பாதை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ஒரு படி ஏற்றிக் குறிக்காதீர்கள். அதை நம்பி இரவில் வரும் வண்டி பள்ளத்தில் விழும். வேறு கம்பனிகளின் வரைபடத்தைப் பார்த்துக் கொப்பி அடிக்காதீர்கள். அதற்கு அனுமதி இல்லை. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஆட்களின் பெயரைப் பதியாதீர்கள். எமக்குத் தேவை வழி, வேவு அல்ல.

நான்காவது, திருகோணமலையிலும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியிருக்கும் எமது உறவுகளிடமும் இதைச் சொல்லுங்கள். தோட்டத்தை விட்டு வெறுங்கையோடு போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள் அவர்கள். அவர்களின் ஒழுங்கைகளுக்கும் பெயர் தேவை. அவர்கள் தமது ஊரை எழுதட்டும், நாம் எமது மலையை எழுதுவோம்.

1948 இல் எமது மக்களுக்குக் குடியுரிமை இல்லை என்று சொல்லி, பின்பு பதிவேட்டில் இருந்தும் நீக்கினார்கள். அந்தப் பெயர்களை மறுபடி எழுத வைக்க எத்தனை தலைமுறை போராட வேண்டியிருந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும். இந்தப் பதிவேடு அப்படியல்ல. இதை எழுத யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை, எந்தத் துரையிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அடுத்த வருடத் திருவிழாவுக்குத் திருகோணமலை அண்ணன் வரும்போது, அவருடைய கைத்தொலைபேசி சந்தியோடு நின்றுவிடாமல் மேட்டு லயத்து வாசல் வரைக்கும் வழி சொல்ல வேண்டும். அப்போது 1990 வண்டியும் வரும்.